தொழிற்பேட்டை கட்டினால் தொழில் வருமா, தொழில் இருக்கும் இடத்தில் பேட்டை கட்டுவதா?

வரப்போரம்:

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். அருகருகே உள்ள ஏழெட்டுக் கிராமங்களில் சிறு இரும்புப் பட்டறைகள் இருக்கின்றன. மண்வெட்டி, அரிவாள், கலப்பைக் கொழு, கொஞ்ச நாளாக டிராக்டரில் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கு பிளேடும் செய்கிறார்கள். இவர்களை ஒரு தொழில் குழுமமாக, அதாவது எல்லோரும் சொல்கிற கிளஸ்டராக ஆக்குவதற்குத் திட்ட அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் தொழில்காரன் இல்லை, எழுதத் தெரியும் என்பதால் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் முக்கால்வாசிப் பணம் நிலம், காம்பவுண்டுச் சுவர், ஷெட், பயிற்சிக் கூடம் என்று கட்டடத்துக்கே போகிறது. மீதி "தொழில் முனைவோர் மேம்பாட்டுப் பயிற்சி". முடித்துவிட்டுப் படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இப்படிக் கட்டிப் பூட்டிக் கிடக்கும் ஷெட்டுகளை எத்தனை பார்த்திருக்கிறோம்! அதே சமயம் ஒன்றுமே கட்டாமல் "உகந்த சூழலை உருவாக்குவோம்" என்று எழுதினால் அது அறிக்கை இல்லை, கவிதை.

கிராமத்தில் தொழில் குழுமம் நிஜமாக எப்படி உருவாகிறது? வெளியிலிருந்து உதவ நினைப்பவர் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது? அனுபவம் உள்ளவர்கள் திட்டியாவது சொல்லுங்கள்.

உலைத்துருத்தி:

திட்டச் சொன்னீர்கள், அதனால் ஆரம்பிக்கிறேன். பட்டறைக்காரர்கள் எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசிய பிறகு இந்த வரைவை எழுதினீர்கள்?

நான் முப்பது வருடம் இரும்போடு இருந்தவன். பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால் அவனுக்கு யாரும் பாடம் நடத்த மாட்டார்கள். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுத்த பிளேடை ஓரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி மெல்லச் சூடு காட்டுவோம். முதலில் வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் விளிம்பு கெட்டியாக நிற்கும், ஆனால் கல்லில் பட்டால் தெறித்துவிடும். நீலம் வரை விட்டால் வளைந்து கொடுக்கும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். அரிவாளுக்கு எங்கே நிறுத்துவது, கொழுவுக்கு எங்கே நிறுத்துவது என்பது கண்ணுக்குத்தான் தெரியும். பையன் ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்ப்பான், ஒருநாள் நாம் வாய் திறப்பதற்கு முன்னால் அவன் கை இடுக்கியை நோக்கிப் போகும். அன்றைக்கு அவன் தொழிலாளி ஆகிவிட்டான். ஐந்து வருடம் கழித்துப் பக்கத்துத் தெருவில் சொந்த உலை போடுவான், நாம் கொஞ்ச நாள் அவனைத் திட்டுவோம், ஆர்டர் அதிகமாக வந்தால் அவனிடமே பாதியைத் தள்ளுவோம். கிளஸ்டர் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

1890-லேயே ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதைக் கவனித்து எழுதிவிட்டார். ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் அதன் ரகசியம் ரகசியமாக இருப்பதில்லை, காற்றில் கலந்துவிடுகிறது, குழந்தைகள்கூடத் தங்களை அறியாமல் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்னது. அந்தக் காற்றை ஷெட்டுக்குள் அடைக்க முடியாது.

சிவகாசியைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, லேபிள் அடிக்க அச்சகம், அச்சகம் வந்ததும் காலண்டர் என்று ஒன்று இன்னொன்றை இழுத்து வந்தது. யாரும் அவர்களுக்கு முன்கூட்டியே பேட்டை கட்டி வைக்கவில்லை.

அரசாணை_ரசிகர்:

உலைத்துருத்தி ஐயா சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன், அந்தக் கட்சியையும் கேளுங்கள்.

சிவகாசி தானாக வளர்ந்தது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கையால் செய்த தீப்பெட்டிக்குக் கலால் வரியைக் குறைத்து, இயந்திரத்தில் செய்யும் பெரிய கம்பெனிக்கு அதிகமாக வைத்தது யார்? சிறுதொழிலுக்கு மட்டும் என்று பொருட்களை ஒதுக்கும் பட்டியல் 1967-இல் 47 பொருட்களோடு தொடங்கி, ஒரு கட்டத்தில் எண்ணூறைத் தாண்டியது. 2015 ஏப்ரலில் அந்தப் பட்டியலில் மிச்சமிருந்த கடைசி 20 பொருட்களை எடுத்தபோது அதில் தீப்பெட்டியும் இருந்தது, பட்டாசும் இருந்தது. அரை நூற்றாண்டு வேலி போட்டுக் காத்த பயிரை, தானாக முளைத்தது என்று சொல்லக் கூடாது.

வேலியால் கெடுதலும் உண்டு, மறுக்கவில்லை. வளர்ந்தால் சலுகை போய்விடும் என்று ஒரே குடும்பம் அண்ணன், தம்பி, மச்சான் பெயரில் நாலு யூனிட் வைத்துக்கொண்டு எதிலும் நல்ல இயந்திரம் போடாமல் காலம் தள்ளியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்னதாக இருப்பதற்குப் பரிசு கொடுத்தால் யார்தான் பெரியவனாக ஆசைப்படுவான்?

ஏன் எப்போதும் கட்டடம் என்று கேட்கிறீர்கள். கட்டடத்தை அளக்கலாம், போட்டோ எடுக்கலாம், பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கலாம், தணிக்கை வந்தால் காட்டலாம். "பையன் கை இடுக்கியை நோக்கிப் போனது" என்பதற்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது? அதிகாரிக்குக் கெட்ட எண்ணம் இல்லை, தன் தலையைக் காப்பாற்றிக்கொள்கிறான். அதோடு, 2005-இல் பாரம்பரியத் தொழில்களுக்கு வந்த ஸ்ஃபூர்த்தி திட்டமாக இருக்கட்டும், சிறு குறு தொழில்களுக்கான குழும மேம்பாட்டுத் திட்டமாக இருக்கட்டும், பொது வசதி மையம் என்ற யோசனை தப்பே இல்லை. ஒருவனால் வாங்க முடியாத இயந்திரத்தை நாற்பது பேர் சேர்ந்து வாங்குவதில் என்ன குறை?

உலைத்துருத்தி:

யோசனையில் குறை இல்லை, பூட்டில்தான் குறை. கேளுங்கள்.

நான் உறுப்பினராக இருந்த ஒரு பொது வசதி மையத்தில் கடினத்தன்மை சோதிக்கும் ராக்வெல் கருவி ஒன்று வந்தது. எங்களுக்கு அது தங்கம் மாதிரி. வாங்குகிற கம்பெனி "பிளேடு இத்தனை கடினத்தில் இருக்க வேண்டும்" என்று எண்ணைக் கேட்கிறான், எங்களிடம் நிறம்தான் இருக்கிறது, எண் இல்லை. அந்த எண்ணுக்காக ஒவ்வொரு லாட்டுக்கும் ரெண்டு பிளேடைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி நகரத்துக்குப் போய்வந்தோம். கருவி வந்தது, திறப்பு விழா நடந்தது, ரிப்பன் வெட்டினார்கள். அறைச் சாவி தலைவர் வீட்டில். அவருக்குச் சொந்தமாகவே பெரிய பட்டறை, நகரத்தில் ஆய்வகத் தொடர்பும் உண்டு, அவருக்கு இந்தக் கருவி தேவையே இல்லை. நாங்கள் போனால் அவர் வெளியூரில் இருப்பார், அல்லது ஆபரேட்டர் இல்லை, அல்லது வைர முனை போய்விட்டது, புதிது வாங்கக் கூட்டம் போட வேண்டும். ஒரு வருடம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன், கருவியின் மேல் அது வந்த நாளில் போர்த்திய பிளாஸ்டிக் உறையே கிழியாமல் இருந்தது. நாங்கள் அதே பஸ்ஸில் அதே சாக்கோடு போய்க்கொண்டிருந்தோம்.

ஆக, வரப்போரம் தம்பி, அறிக்கையை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு பட்டறையிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன மாதம் எந்தெந்த வேலைக்கு வெளியூர் போனீர்கள்?" என்ன தேவை என்று கேட்காதீர்கள். தேவை என்று கேட்டால் எல்லோரும் கடன், மானியம், ஷெட் என்று நீங்கள் கேட்க விரும்புவதையே சொல்வார்கள். எங்கே போனாய் என்று கேட்டால் உண்மை வரும்.

புதுவரவு_22:

பெரியவர்களுக்கு மத்தியில் பேசுகிறேன், தப்பிருந்தால் மன்னிக்கவும். ஏற்கெனவே தொழில் செய்கிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். தொழிலே இல்லாத கிராமம் என்ன செய்யும்? படித்துவிட்டு சும்மா இருக்கிற பையன்களுக்கும் பெண்களுக்கும் சின்னதாகக் கடன் கொடுத்து, கணக்கு வழக்குச் சொல்லிக் கொடுத்தால் பத்தில் மூன்று பேராவது மேலே வர மாட்டார்களா? அதிலிருந்துதானே கிளஸ்டர் வரும்?

எண்சுவடி:

தப்பே இல்லை, நல்ல கேள்வி. ஆனால் இதை உலகம் முழுக்கச் செய்து பார்த்து அளந்தும் பார்த்துவிட்டார்கள். போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நுண்கடன் பற்றி நடந்த சோதனைகளின் முடிவுகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. கடன் கொஞ்சம் உதவுகிறது, ஏற்கெனவே தொழில் வைத்திருப்பவர் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்கிறார், ஆனால் சராசரிக் குடும்பத்தின் நிலை தலைகீழாக மாறவில்லை. எல்லோருக்கும் முதலாளி ஆகும் ஆசையும் இல்லை. பலருக்கு வேண்டியது மாதச் சம்பளம். அதைக் குறை என்று நினைப்பதுதான் நம் தப்பு.

பயிற்சியிலும் வித்தியாசம் உண்டு. டோகோவில் 1,500 சிறு தொழில்காரர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கமான கணக்கு, சந்தை, நிதிப் பாடம், இன்னொரு பகுதிக்கு "தானே முன்வந்து செய், தடை வந்தால் வேறு வழி தேடு, அடுத்தவன் செய்வதையே செய்யாதே" என்கிற மனப்பழக்கப் பயிற்சி, மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் இல்லை என்று வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. மனப்பழக்கப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. கணக்குப் பாடம் படித்தவர்களுடையது 11 சதவீதம், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில்தான். வரப்போரம் அறிக்கையில் "மேம்பாட்டுப் பயிற்சி" என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் எந்தப் பயிற்சி என்று எழுதியிருக்கிறாரா?

வரப்போரம்:

"ஐந்து நாள், உணவு மற்றும் கையேடு உட்பட" என்று எழுதியிருக்கிறேன். :(

பேரேடு:

கடன் கடன் என்று பேசுகிறீர்கள், சிறு பட்டறைக்காரன்தான் ஊருக்கே கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்பதை யாரும் பார்ப்பதில்லை. நான் கணக்கு எழுதுகிறவன். ஒருவர் தன் வரவு செலவைக் கொண்டுவந்து கொடுத்தார், பள்ளிக்கூட நோட்டு, நடுவில் ரப்பர் பேண்ட் போட்ட பில் கட்டு. வருமானம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதி பில்லுக்கு மேல் வராத பணம், சிலது எட்டு மாதம். அந்த எட்டு மாதத்துக்கு இரும்பு வாங்க இவர் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ஆக, இவர் வட்டி கட்டி, தன்னைவிட நூறு மடங்கு பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் வருடச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கினால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. படிக்கும்போது புல்லரிக்கும். வட்டி கேட்டு மனுப் போடுங்கள் என்றேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்து, "போட்டால் அடுத்த ஆர்டர் யார் கொடுப்பார்?" என்றார். பிறகு வருமான வரிச் சட்டத்திலும் கை வைத்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்குபவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம் என்று கொண்டுவந்தார்கள். இது கொஞ்சம் உறைக்கிறது. தனி ஆள் புகார் கொடுக்க வேண்டியதில்லை, வாங்குபவனின் ஆடிட்டரே பயப்படுகிறார். அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள், சிறு தொழில் என்று பதிவு செய்யாதவரிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விடுகிறார்கள்.

தனி ஆளாகக் கேட்க முடியாததைச் சங்கமாகக் கேட்கலாம். அறிக்கையில் சுவருக்குப் போட்ட பணத்தில் ஒரு துளியை எடுத்து, எல்லாப் பட்டறையின் பில்லையும் ஒரே இடத்தில் பதிந்து, நாள் தாண்டினால் சங்கத்தின் பெயரில் கடிதம் போக ஒரு எழுத்தரை வையுங்கள். நான் பார்த்தவரை இதைவிடப் பலன் தரும் செலவு இல்லை.

தறிச்சத்தம்:

சங்கம், நம்பிக்கை, காற்றில் கலந்த ரகசியம் எல்லாம் சரி. அந்தக் காற்று யார் வீட்டு ஜன்னல் வழியாகப் போகிறது என்றும் ஒருவர் கேட்க வேண்டாமா? உலைத்துருத்தி ஐயாவின் கதையில் பக்கத்தில் நின்று பார்ப்பது "பையன்". பெண் பிள்ளை நின்றால் விடுவீர்களா? வேறு தெருப் பையன் நின்றால்?

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. அந்தப் பகுதியின் கவுண்டர் சமூகத்துத் தொழில்காரர்களையும் வெளியிலிருந்து வந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். உள்ளூர்ச் சமூகத்தார் அதிக முதலீட்டோடு தொடங்குகிறார்கள், சொந்தபந்தத்திலிருந்து பணம் எளிதாக வருகிறது. வெளியிலிருந்து வந்தவர் குறைந்த முதலீட்டோடு தொடங்கி, வேகமாக வளர்ந்து சில வருடங்களில் உற்பத்தியில் முந்திவிடுகிறார். அதாவது பணம் திறமை இருக்கும் பக்கம் போகாமல் உறவு இருக்கும் பக்கம் போகிறது. கிளஸ்டரைக் கட்டுகிற பசையும், வெளியாளைத் தள்ளி நிறுத்துகிற கதவும் ஒன்றேதான்.

இன்னொன்று. பாகிஸ்தானின் சியால்கோட்டில் உலகத்துக்கே கால்பந்து தைக்கிறார்கள், சுற்றுக் கிராமங்களில் வீட்டிலேயே பெண்கள் தைத்த காலம் உண்டு. குழந்தைகளும் தைக்கிறார்கள் என்று உலகம் கொதித்து, 1997-இல் அட்லாண்டா ஒப்பந்தம் போட்டார்கள். வீட்டுத் தையலை நிறுத்தி, கண்காணிக்கப்படும் தையல் மையங்களுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகள் விஷயத்தில் அது வேண்டியதுதான். ஆனால் வீட்டை விட்டுத் தூரத்து மையத்துக்குப் போக முடியாத பெண்கள் பலருக்கு வேலையும் கூலியும் போயின. அந்தத் திட்டம் போட்ட அறையில் தைக்கிற பெண் ஒருத்தியாவது உட்கார்ந்திருந்தாளா? வரப்போரம் அவர்களே, உங்கள் ஏழெட்டுக் கிராமத்தில் கைப்பிடி போடுவது, மெருகேற்றுவது, கட்டுக் கட்டுவது யார்? அவர்கள் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா?

வரப்போரம்:

இல்லை. பட்டறை யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் மட்டும்தான். நியாயமான அடி.

உலைத்துருத்தி:

தங்கச்சி கேட்டது எனக்கும் உறைக்கிறது. என் பட்டறையில் மெருகேற்றும் சக்கரத்தில் இருபது வருடம் இருந்தது என் மனைவி. எந்தச் சங்கத்து ரசீதிலும் அவள் பெயர் வந்ததில்லை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

ஆற்றோரம்:

யாருமே பேசாத ஒன்று, கழிவு. நூறு பேர் ஒரே இடத்தில் குவிந்தால் நூறு பேரின் அழுக்கும் ஒரே இடத்தில் குவியும். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழில் உச்ச நீதிமன்றம் வரை போனது, மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று 1996-இல் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது சாயம் மட்டுமா நின்றது, அதை நம்பியிருந்த பின்னல், தையல், லாரி எல்லாமே திண்டாடின.

இங்கேதான் வெளியிலிருந்து பணம் போடலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தனி ஒருவனால் முடியாது, பக்கத்து ஆள் கட்டட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். இரும்புப் பட்டறைக்குத் தோல், சாயம் அளவு ஆபத்து இல்லை, ஆனால் தோய்ச்சலுக்கு, அதாவது பழுக்கக் காய்ச்சிய இரும்பை முக்கி எடுக்கப் பயன்படுத்திய எண்ணெயை எங்கே ஊற்றுகிறார்கள், முலாம் பூசுகிற யூனிட் ஏதாவது உள்ளே வரப்போகிறதா என்று இப்போதே கேளுங்கள். அப்புறம் கேட்டால் கிணற்றுத் தண்ணீர்தான் பதில் சொல்லும்.

அரசாணை_ரசிகர்:

புதுவரவு தம்பி கேட்ட "தொழிலே இல்லாத கிராமம்" கேள்விக்கு ஜப்பானில் ஒரு பதில் உண்டு. ஓயிட்டா மாகாணத்தில் ஓயாமா என்று ஒரு மலையூர். நெல் வயலுக்கு இடமில்லை, எல்லோரும் நெல் நெல் என்று இருந்த காலத்தில் இவர்கள் 1961-இல் பிளம் மரமும் செஸ்ட்நட் மரமும் நட ஆரம்பித்தார்கள். கோஷம் என்ன தெரியுமா? "பிளமும் செஸ்ட்நட்டும் நடுவோம், ஹவாய்க்குப் போவோம்." நம் அலுவலகத்தில் இப்படி ஒரு கோஷத்தைக் கோப்பில் எழுதியிருந்தால் என்னை மாற்றல் பண்ணியிருப்பார்கள். 1979-இல் அந்த மாகாண ஆளுநராக வந்த மோரிஹிகோ ஹிராமட்சு இது போன்ற ஊர்களைப் பார்த்துத்தான் "ஒரு கிராமம், ஒரு பொருள்" இயக்கத்தைத் தொடங்கினார். அவர் மானியத்தை அள்ளி வீசவில்லை. எந்தப் பொருள் என்று கிராமமே முடிவு செய்யட்டும், தொழில்நுட்பமும் சந்தையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். 2001-இல் தாய்லாந்து அதே யோசனையை எடுத்து நாடு முழுக்க மேலிருந்து நடத்தியது, பொருளுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரித்தது.

எண்சுவடி:

மேலிருந்து நடத்தினால் வருகிற வியாதி ஒன்று உண்டு, எல்லோரும் ஒரே சோப்பு, ஒரே கூடை செய்வார்கள். ஆனால் கீழிருந்து வந்தாலும் அந்த வியாதி வரும், சீனாவைப் பாருங்கள். ஜியாங்சு மாகாணத்தில் ஷாஜி என்ற சிற்றூரின் கீழ் உள்ள டோங்ஃபெங் கிராமம், பழைய பிளாஸ்டிக்கைப் பொறுக்கி மறுசுழற்சி செய்து பிழைத்த இடம். 2006-இல் ஓர் இளைஞர் இணையத்தில் கடை போட்டு, சில காலம் கழித்துப் பிரித்துப் பூட்டும் எளிய மர அலமாரி செய்து விற்க ஆரம்பித்தார். பக்கத்து வீடு பார்த்தது, அதற்குப் பக்கத்து வீடு பார்த்தது, கொஞ்ச வருடத்தில் ஊரே மரம் அறுத்தது. தாவ்பாவ் என்ற சீன இணையச் சந்தையில் விற்றுப் பிழைக்கும் இப்படிப்பட்ட ஊர்களைத் தாவ்பாவ் கிராமம் என்பார்கள், 2009-இல் மூன்றே மூன்றைத்தான் அடையாளம் காட்டினார்கள், 2020-இல் 5,425. உலைத்துருத்தி ஐயாவின் காற்று இங்கே கணினித் திரை வழியாக வீசியிருக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே அலமாரி, ஒரே படம், விலையை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் மரத்தில் கை வைக்க வேண்டும், தரம் போய்விடும். காப்பியடித்தல்தான் கிளஸ்டரை வளர்க்கிறது, அதுவேதான் கொல்கிறது.

அப்படி ஒரு கண்டம் வரும்போது சங்கம் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம். தறிச்சத்தம் சொன்ன அதே சியால்கோட்டில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளும் செய்கிறார்கள். 1994-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தரம் சரியில்லை என்று தடை போட்டது. ஒருவருக்கொருவர் விலையில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சங்கத்தில் ஒன்றுகூடி, அரசையும் இழுத்து வந்து, தர முறையைக் கற்று ஏற்றுமதியை மீட்டார்கள். பிறகு அந்த ஊர்த் தொழில்காரர்கள் சொந்தப் பணம் போட்டு விமான நிலையமே கட்டினார்கள், 2007-இல் திறந்தது. கட்டடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எப்போது, யார் பணத்தில் என்று பாருங்கள்.

பேரேடு:

சாவி விஷயத்துக்கு வருகிறேன். டென்மார்க்கில் 1882-இல் யெடிங் என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து அந்த நாட்டின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணையைத் தொடங்கினார்கள். பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் சுழல் இயந்திரம் அப்போதுதான் வந்திருந்தது, தனி விவசாயியால் வாங்க முடியாது, அதாவது ராக்வெல் கருவி கதைதான். அங்கே உறைந்துபோன ஒரு விதி என்னவென்றால் தலைக்கு ஒரு ஓட்டு, மாட்டுக்கு ஒரு ஓட்டு இல்லை. இரண்டு மாடு வைத்திருப்பவனுக்கும் ஐம்பது மாடு வைத்திருப்பவனுக்கும் ஒரே ஓட்டு. லாபம் மட்டும் அவரவர் ஊற்றிய பாலின் அளவுப்படி. உலைத்துருத்தியின் மையத்தில் பங்குத்தொகை யார் அதிகம் போட்டார்களோ அவர் தலைவர் ஆகியிருப்பார், சரியா?

உலைத்துருத்தி:

சரியேதான். பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்.

வரப்போரம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பட்டறை பட்டறையாகப் போய் அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன், "போன மாதம் எதற்காக வெளியூர் போனீர்கள்?" முதல் நாள் வெட்கமாக இருந்தது, இரண்டாம் நாளிலிருந்து தேநீர் கொடுத்து அவர்களே உட்கார வைத்துவிட்டார்கள். தறிச்சத்தம் சொன்னதால் மெருகேற்றும் பெண்களிடமும் கேட்டேன்.

பாதிக்கும் மேல் ஒரே பதில். அரிவாள், மண்வெட்டிக்கு இங்கேயே தோய்ச்சல் போட்டுக்கொள்கிறார்கள். ரோட்டவேட்டர் பிளேடை மட்டும் நகரத்தில் இருக்கும் வெப்பப் பதப்படுத்தும் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள், சோதனை எண்ணும் அங்கேயே கிடைக்கிறது. நான் உடனே "அந்த உலையை இங்கே வைத்துவிட்டால்?" என்றேன். ஒரு பெரியவர் சிரித்தார். அந்த உலை நாள் முழுக்க ஓடினால்தான் கட்டுப்படியாகும், இங்கே எல்லோருடைய பிளேடையும் சேர்த்தாலும் வாரத்துக்கு ரெண்டு நாள் வேலைதான் என்றார். பிரச்சினை போவதுதான். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு நாள் உலையை அணைத்துவிட்டுப் போகிறார்கள், சின்ன லாட் என்பதால் ஆலைக்காரர் காக்க வைக்கிறார். பெண்கள் சொன்னது வேறு, பிளேடு திரும்பி வரும் நாள் தெரியாததால் ஒரு வாரம் வேலை இல்லை, அடுத்த வாரம் ராத்திரி முழுக்க வேலை.

ஆகவே வரைவில் ஷெட்டையும் சுவரையும் அடித்துவிட்டேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஒரு வண்டி எல்லாக் கிராமத்தையும் சுற்றிச் சரக்கை எடுத்துப் போய்த் திரும்பிக் கொண்டுவரும். ஆலையோடு மொத்தமாக ஒரே விலை பேசுவது, பேரேடு சொன்ன பில் எழுத்தர், அவ்வளவுதான். உறுப்பினர் பட்டியலில் மெருகேற்றுபவர்களும் கைப்பிடி போடுபவர்களும் உண்டு, தலைக்கு ஒரு ஓட்டு.

அரசாணை_ரசிகர்:

நல்லது. ஆனால் வண்டி வாடகைக்கும் எழுத்தர் சம்பளத்துக்கும் எந்தத் தலைப்பில் பணம் கேட்பீர்கள்? கட்டடத்துக்குத் தலைப்பு இருக்கிறது, வாடகைக்கு இருக்காது. முதல் ஆறு மாதம் சந்தாவில் ஓட்டுங்கள். ஓடின கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் நானே ஒரு தலைப்புக் கண்டுபிடித்துத் தருகிறேன், அந்தக் கலை இன்னும் மறக்கவில்லை.

பேரேடு:

வண்டிச் சாவி யாரிடம்?

வரப்போரம்:

ஓட்டுநரிடம்.

உலைத்துருத்தி:

வண்டியில் இடம் இருந்தால் சொல்லுங்கள். என்னிடமும் நாற்பது பிளேடு கிடக்கிறது.